மூன்று வருடத் தண்டனை, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்: வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரு தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். 2023 ஜனவரியில், ஒட்டுப்பாலை (மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை) யார் எடுத்தது என்று கூட வேலை செய்த ஒருவரோடு வாக்குவாதம். மறுநாள் இருட்டோடு இவர் மரத்தடியில் குனிந்து நின்றபோது அந்த ஆள் வெட்டுக்கத்தியால் கையில் வெட்டிவிட்டார். வலது கைப் பெருவிரல் போய்விட்டது, சுட்டுவிரல் மடங்காது. போன மாதம் 3 வருட ஜெயில், 5,000 ரூபாய் அபராதம் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தீர்ப்பு. அன்று சாயங்காலமே வெட்டியவர் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வாசல் வழியாகத்தான் நடந்து போகிறார். இப்போது ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்து சமாதானம் பேசுகிறார்கள். ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கும் என்றார்களே அக்கா, இவ்வளவுதானா?
– ஒரு வாசகி, குலசேகரம் அருகில்

பதில்: தங்கச்சி, என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கு மலையேறுவார். பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அப்புறம் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது. அந்த அளவைப் பெருவிரல்தான் பிடிக்கும் என்பார் அப்பா. அதனால் உங்கள் வீட்டில் என்ன போயிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அந்த 3 வருடம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்ததால் உங்கள் வழக்குக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 326-வது பிரிவு. அதில் ஆயுள் வரைக்கும், இல்லாவிட்டால் 10 வருடம் வரைக்கும் தண்டனை கொடுக்கலாம். உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கை மாஜிஸ்திரேட்டே விசாரிக்கலாம், அவரால் 3 வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அதாவது அந்த நாற்காலியின் அதிகபட்சத்தைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். அது போதாது என்று அவருக்கே தோன்றியிருந்தால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு, அதாவது சீஃப் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டுக்கு, அனுப்பியிருக்கலாம். அங்கே 7 வருடம் வரை போகலாம். அனுப்பச் சொல்லி யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

சாயங்காலமே வீட்டுக்கு வந்ததற்கும் இந்த 3 வருடம்தான் காரணம். விசாரணை முழுக்க ஜாமீனில் இருந்தவருக்கு 3 வருடமோ அதற்குக் குறைவோ தண்டனை என்றால், அப்பீல் போட அவகாசம் கொடுத்து அந்தக் கோர்ட்டே ஜாமீன் தரலாம். தண்டனை ரத்தாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் வாசல் வழியாக நடந்துபோவதைப் பார்க்கிற உங்களுக்கு இந்த வித்தியாசம் ஆறுதலாக இருக்காது. ஆனாலும் தீர்ப்பு நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வழிமறித்தாலோ மிரட்டினாலோ தேதி, நேரத்தோடு எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஜாமீனை ரத்து செய்யச் சொல்ல அந்தக் காகிதம் வேண்டும்.

இனி என் மனதை அறுக்கிற விஷயம். குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று எதிரியிடம், அதாவது குற்றம் செய்தவரிடம், கோர்ட் கேட்கும். அது சட்டம், சரியான சட்டம். வயசான அம்மா, படிக்கிற பிள்ளைகள், முதல் குற்றம், எல்லாம் சொல்வார்கள். அந்த நேரத்தில் வெட்டுப்பட்டவர் எங்கே இருப்பார்? 26 வருட வக்கீல் தொழிலில் நான் பார்த்தது, அநேகமாக அவருக்குத் தேதியே தெரியாது. தெரிந்து வந்திருந்தாலும் கடைசி பெஞ்சில் சாட்சிக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அரசு வக்கீல் கையில் இரண்டு காகிதம் இருந்திருந்தால், அதாவது இனிக் கத்தி பிடிக்க முடியாது என்ற டாக்டர் சான்றும், முன்பு வாங்கிய வாரக்கூலிக் கணக்கும் இருந்திருந்தால், பேச்சே வேறாக இருந்திருக்கும்.

போனது போகட்டும், இன்னும் வழி இருக்கிறது. தண்டனை குறைவு என்று நீங்களே அப்பீல் போக முடியாது. 2020-ல் பர்விந்தர் கன்சல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அப்பீலை அரசுதான் போட வேண்டும். அதனால் தீர்ப்பு நகலோடு மாவட்ட அரசு வக்கீலுக்கும் கலெக்டருக்கும் உடனே மனு கொடுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டிலோ மதுரை ஐகோர்ட் கிளையிலோ சீராய்வு மனு, அதாவது கீழ்க்கோர்ட் தீர்ப்பு சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு, போடலாம். அதற்குக் கெடு 90 நாள், தீர்ப்பு தேதியிலிருந்து எண்ணுங்கள். எதிரி போடும் அப்பீலிலும் உங்கள் வக்கீல் அரசு வக்கீலுக்கு உதவியாக நிற்கலாம். இந்த முறை கடைசி பெஞ்ச் வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். அந்த 5,000 ரூபாயையாவது உங்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறதா என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சொல்லாவிட்டால் அது கஜானாவுக்குப் போகும். தண்டனை கொடுக்கிற ஒவ்வொரு வழக்கிலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்று யோசித்துக் காரணத்தை எழுத வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் தீர்ப்பில் அப்படி ஒரு வரிகூட இல்லை என்றால், இழப்பீடு போதவில்லை என்று அப்பீல் போக உங்களுக்கே உரிமை உண்டு. இதுபோக, நாகர்கோவிலில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் உதவி கேட்கலாம். இலவச வக்கீலும் அங்கேயே கேளுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வேலையை ஒட்டி வந்த தகராறு, வேலை இடத்தில் விழுந்த வெட்டு என்பதால், தோட்ட முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீடு கேட்க முடியுமா என்றும் அந்த வக்கீலிடம் பேசுங்கள். 2 வருடக் கெடு தாண்டிவிட்டதால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

சமாதானம்? 326 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினாலும் தீர்ப்பு அழியாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி அப்பீலில் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள், குறைக்கவும் கூடும். பேசியே தீர வேண்டும் என்றால் உங்கள் வக்கீலை வைத்து, கோர்ட் மூலமாக, பணம் கைக்கு வந்த பிறகு. திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். போடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர், பெரியவர்கள் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. ஒர்க்‌ஷாப்பில் வேலை. சம்பளப் பிடித்தத்தைக் கேட்டபோது மூத்த மெக்கானிக் என்னைப் பற்றிக் கேவலமாகப் பேசினாராம். கையிலிருந்த ஸ்பேனரால் அடித்துவிட்டான். அவருக்குத் தலையில் ஐந்து தையல், எலும்புக்கு ஒன்றுமில்லை. இது நடந்தது போன வருடம். இவன் ஜெயிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: கட்டாயமில்லை அம்மா. எலும்பு முறிவில்லை, வேறு கொடுங்காயமும் இல்லை என்றால் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 118(1) பிரிவு வரும், அதிகபட்சம் 3 வருடம். 21 வயது ஆகாத ஒருவரை இப்படிப்பட்ட குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால், சிறைக்குப் பதில் நன்னடத்தை உறுதியில் வெளியே விட வழி செய்யும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட் வாங்கிப் பார்க்க வேண்டும். சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும். ஆனால் குற்றவாளி என்று கோர்ட் முடிவு செய்கிற நாளில் அவன் வயது என்ன என்றுதான் பார்ப்பார்கள். ஆகையால் வாய்தா மேல் வாய்தா வாங்குகிற வக்கீல் உங்கள் மகனுக்கு நல்லது செய்யவில்லை. 21 தாண்டிவிட்டாலும் அந்தச் சட்டத்தில் கேட்க இன்னொரு பிரிவு இருக்கிறது, ஆனால் இந்த அளவு உறுதி அதில் கிடையாது.

அவன் உங்களுக்காகக் கோபப்பட்டான் என்பது புரிகிறது. ஆனால் தலையில் ஸ்பேனர் இன்னும் ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதுகிற கடிதமே வேறு. அந்த மெக்கானிக்கின் வைத்தியச் செலவைக் கொடுக்கத் தயார் என்று வக்கீல் மூலமாகக் கோர்ட்டில் சொல்லுங்கள். அவர் சாட்சி என்பதால் நேரில் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: கடையில் சரக்கு இறக்கும்போது நடந்த சண்டையில் ஒரு பல் பாதி உடைந்தது. சாதாரணக் காயம் என்று எழுதிவிட்டார்கள். சரியா?
– வாசகர், தக்கலை

பதில்: சரியில்லை. எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம்தான், பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும். பல் டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்து, முறிவு என்று எழுதி வாங்கி, குற்றப்பத்திரிகை போடுவதற்கு முன்னாலேயே இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.