வாசகர் கேள்வி – பதில்: பைண்டரின் அளவை மூச்சு சொல்லும்

மார்பைத் தட்டையாகக் காட்டுவதற்காக அணியும் பைண்டர் என்னும் உள்ளாடையைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

நான் 24 வயதுத் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டாலும் ஆணாக வாழ்பவன். டி-ஷர்ட் மீடியம் அளவில் போடுவதால் இணையத்தில் பைண்டரையும் அதே அளவில் வாங்கினேன். மார்பு நன்றாகத் தட்டையாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அக்குளில் சிவந்த கோடு விழுகிறது. போடப் போடத் தளர்ந்துவிடும் என்கிறார் விற்றவர். அதைத் துவைக்கும் நாள்களில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்கிறேன். இப்படியே பொறுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பொறுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வாங்கியது உங்கள் அளவு இல்லை. நாள்பட அணிந்தால் எந்த எலாஸ்டிக் துணியும் தளரும் என்பது உண்மைதான். ஆனால் அது அந்த உடையின் ஆயுள் தேய்வதன் அடையாளம். முதல் நாளில் மூச்சை அடைக்கும் ஓர் உடை, தளரும் வரைக்கும் உங்கள் விலா எலும்புகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள தசைகளையும் அழுத்திக்கொண்டேதான் இருக்கும்.

டி-ஷர்ட்டின் அளவு பைண்டருக்கு உதவாது. டி-ஷர்ட் உடம்பின் மேல் தொங்குகிறது. பைண்டரோ உடம்பைப் பிடிக்கிறது. பெரும்பாலான பைண்டர்களின் முன்பக்கத்தில் அதிகம் நீளாத துணி இரண்டு அடுக்காக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். நெகிழ்வு முழுவதும் பின்பக்கத்துத் துணியில்தான் இருக்கும். ஆகவே ஓர் அங்குலம் தவறினாலும் அது உடனே தெரிந்துவிடும். தையற்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு இயல்பாக நில்லுங்கள். மார்பு மிகவும் எடுப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று, மார்புக்குக் கீழே மடிப்பு விழும் இடத்தில் ஒரு சுற்று, ஒரு தோள்முனையிலிருந்து மறு தோள்முனை வரை ஒரு நீளம் என மூன்று அளவுகள் வேண்டும். நாடா முதுகுப்புறம் சரிந்து இறங்காமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் பிழை செய்வது இங்கேதான்: சிறிய எண் வர வேண்டும் என்ற ஆசையில் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு அளக்கிறார்கள். ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் ஆழ்ந்து மூச்சிழுத்தால் நெஞ்சின் சுற்றளவு சுமார் 5 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 அங்குலம் விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுக்காத உடைதான் மாடிப்படியில் உங்களுக்கு மூச்சு வாங்க வைக்கிறது. எனவே சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே அளந்து, நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஸ்மால் ஆக இருக்கலாம். அளவு இரண்டுக்கும் நடுவில் விழுந்தாலும், மார்பு ஓர் அளவையும் தோள் வேறோர் அளவையும் காட்டினாலும், பெரியதையே எடுங்கள். இன்னும் தட்டையாக இருக்கட்டும் என்று ஓர் அளவு குறைத்து வாங்குவதும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பைண்டர் அணிவதும் கூடவே கூடாது.

புதியது வந்ததும் நேரே அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதலில் வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் அணிந்து பாருங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். குனிந்து செருப்பின் வாரைப் போடுங்கள். நாற்காலியில் அமர்ந்து நன்றாக இருமுங்கள். ஒரு நீண்ட வாக்கியத்தை நடுவில் மூச்சு எடுக்காமல் உரக்கச் சொல்லுங்கள். அடிவிளிம்பிலும் கைத்துளையின் விளிம்பிலும் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். கழற்றியபின் தையல் பதிந்த தடம் சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. தடம் அப்படியே தங்கினாலோ, தோல் கன்றினாலோ, உரிந்தாலோ அது உங்களுக்கு இறுக்கம். கைத்துளையின் வழியே மார்புத் தசை பிதுங்கினாலும் அளவு சிறியது என்றே பொருள். விரல்கள் மரத்துப்போனாலும், ஊசி குத்துவதுபோல் குறுகுறுத்தாலும், நெஞ்சில் குத்தும் வலி வந்தாலும் அந்த நொடியே கழற்றுங்கள். கழற்றிய பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அணியும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தலை வழியாக மாட்டிக்கொண்டு திணறுபவர்கள், பைண்டரை உள்வெளியாகத் திருப்பித் தலைகீழாகப் பிடித்து, கால்களை நுழைத்து இடுப்பு வரை இழுத்துக்கொண்டு, பின்பு மேற்பகுதியைப் புரட்டித் தோளில் மாட்டலாம். மார்பை மேலேயோ நடுவிலோ திரட்டாமல் சற்றுக் கீழ்நோக்கிப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டால் அழுத்தமும் குறையும், தோற்றமும் இயல்பாக இருக்கும். வியர்வையில் ஒட்டிக்கொண்ட பைண்டரை அவசரமாக உருவினால் தோளில் சிக்கிக்கொள்ளும். விசிறிக்கடியில் சில நிமிடங்கள் நின்று உடம்பைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கிரேப் பேண்டேஜை இன்றோடு நிறுத்துங்கள். சுளுக்கிய கணுக்காலுக்காக உருவான கட்டு அது. நெஞ்சில் சுற்றினால் அசைய அசையச் சுருண்டு கயிறுபோல் ஓரிடத்தில் இறுகிக்கொள்ளும். விலாவில் உண்டாகும் அழுத்தமும் சீராக இருக்காது. பார்சல் ஒட்டும் டேப்பும், சமையலறையில் பயன்படும் பிளாஸ்டிக் உறையும் இதைவிட மோசம். துவைக்கும் நாளுக்காக இரண்டாவது பைண்டர் வாங்க முடியாவிட்டால், சரியான அளவுள்ள ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றின் மேல் தளர்வான, அடர்நிறக் கட்டம்போட்ட சட்டை அணிந்தாலே ஒரு நாளைச் சமாளிக்கலாம்.

காலை 7 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் இரவு 8 ஆகிறது திரும்ப. அத்தனை நேரமும் பைண்டர் அணிந்திருக்கிறேன், வாரத்தில் ஏழு நாளும். வெயில் காலத்தில் மார்புக்குக் கீழே அரிப்பும் தடிப்புமாக இருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் குறைந்து, மறுபடியும் வருகிறது.
— வாசகர், சென்னை

2017-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். மார்பை இறுக்கி அணியும் 1,800 பேரிடம் கேட்டதில், 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் உடல் தொந்தரவாவது இருப்பதாகச் சொன்னார்கள். முதுகுவலி, உடல் சூடு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், அரிப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வாரத்தில் எத்தனை நாள் அணிகிறார்கள் என்பதுதான் அந்தத் தொந்தரவுகளோடு தொடர்ந்து தொடர்பு காட்டியது. பைண்டர் அணிவதால் தன்மதிப்பு கூடியது, மனநெருக்கடி குறைந்தது என்றும் அதே மனிதர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், உடம்புக்கு விடுமுறை கொடுங்கள். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. உங்கள் நாள் 13 மணி நேரம் நீள்வதால், போகும்போதோ வரும்போதோ பேருந்துப் பயணத்துக்குத் தளர்வான மேலுடையும் ஸ்போர்ட்ஸ் பிராவும் போதுமா என்று யோசியுங்கள். மதிய உணவு இடைவேளையில் கழிவறைக்குச் சென்று கால் மணி நேரம் கழற்றி, ஆழ்ந்து மூச்சு விட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் அணிவதும் நல்ல பழக்கம். பக்கவாட்டில் ஜிப்போ கொக்கியோ வைத்த வகை இதற்கு வசதி. தூங்கும்போதும் ஓடும்போதும் உடற்பயிற்சி செய்யும்போதும் பைண்டர் வேண்டாம்.

தோல் தடிப்பைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நைலான் துணி வியர்வையை உறிஞ்சாது. மடிப்பில் தங்கும் ஈரத்தில் பூஞ்சை எளிதாக வளரும். நம் ஊர் மருந்துக்கடைகளில் படர்தாமரைக்கென்று சீட்டில்லாமல் கைமாறும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை உடனே அடக்கும்; பூஞ்சையை அடக்காது; நிறுத்தியதும் தொற்று முன்னைவிடப் பரந்து வரும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இந்தக் கதைதான். களிம்புக் குழாயை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். என்ன அணிகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தடிப்பு ஆறும் வரை பைண்டரைத் தள்ளி வையுங்கள். ஆறிய பிறகு, உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் ஒன்றைச் சுருக்கமில்லாமல் அணிந்து, அதன்மேல் பைண்டரைப் போடலாம். குளிர்ந்த நீரில் கையால் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் முழுதும் காயாத பைண்டரை அவசரத்துக்கு எடுத்து மாட்டுவதால்தான் பலருக்கு இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது.

என் 16 வயதுப் பிள்ளை தன்னை ஆண் என்று சொல்கிறான். நண்பர் மூலம் வாங்கிய பைண்டரை நான் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். எலும்பு வளரும் வயது என்று பயம். இப்போது துப்பட்டாவைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொள்வதைப் பார்த்தேன். இதை மாற்றித் தருகிற மருத்துவர் இருக்கிறார் என்று உறவினர் சொல்கிறார்.
— ஒரு தாய், மதுரை

அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒளித்து வைத்ததால் ஆபத்து கூடியிருக்கிறது. தைத்த பைண்டர் எங்கே எவ்வளவு அழுத்தும் என்பதற்கு ஓர் அளவுண்டு. துப்பட்டாவுக்கு அது கிடையாது. பிள்ளையை அழைத்து, பைண்டரைத் திருப்பிக் கொடுத்து, மேலே கோவை வாசகருக்கு எழுதியபடி நீங்களே அளவு நாடாவைப் பிடித்து அளந்து கொடுங்கள். நண்பருடையது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வளரும் உடம்பு என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் பிராவிலிருந்து தொடங்குவதும், பைண்டரை ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் நல்லது. பள்ளியில் விளையாட்டுப் பாடவேளைக்கு முன் கழற்றிவிட வேண்டும் என்பதை இருவருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஆஸ்துமாவோ முதுகெலும்பு வளைவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அணிய வேண்டாம்.

உறவினர் சொல்லும் மருத்துவரிடம் போகாதீர்கள். ஒருவரின் பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்தது. அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. உங்கள் ஊரில் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே திருநர்களுக்கான மருத்துவப் பிரிவு இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து அங்கே போய்ப் பேசுங்கள்.

எனக்கு மார்பு பெரியது. இடுப்பு வரை நீளும் பைண்டர் நல்லதா, பாதி நீளமா? ஒட்டும் டேப் நல்லது என்கிறார்களே?
— வாசகர், சேலம்

முழு நீளம் வயிற்றையும் சேர்த்துச் சீராகக் காட்டும், ஆனால் உட்கார்ந்தால் கீழ்விளிம்பு சுருண்டு மேலேறும், நம் வெயிலுக்குச் சூடும் அதிகம். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் நான் பாதி நீளத்தையே சொல்வேன். ஆண்களின் மார்பு வீக்கத்துக்கென விற்கும் இறுக்க பனியன்கள் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன, அவற்றையும் அணியலாம். ஆனால் அவற்றின் அட்டவணை ஆண்களின் உடலமைப்பை வைத்துப் போட்டது என்பதால், மார்பின் எடுப்பான இடத்துச் சுற்றளவையே கணக்கில் எடுங்கள்.

டேப் என்றால் விளையாட்டு வீரர்கள் தசையில் ஒட்டும் நெகிழ்வான மருத்துவ டேப் மட்டுமே. முதலில் சிறு துண்டு ஒன்றை ஒட்டித் தோல் ஏற்கிறதா என்று பாருங்கள். காம்பின் மேல் மெல்லிய பஞ்சுத் துணி வைத்து மறைத்து, மார்பை அக்குள் பக்கமாக ஒதுக்கி ஒட்ட வேண்டும். முனைகளை இழுத்து ஒட்டினால் கொப்புளம் வரும். எக்காரணம் கொண்டும் உடம்பைச் சுற்றி முழு வட்டமாக ஒட்டக் கூடாது. எடுக்கும்போது தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, மெதுவாக உரியுங்கள்.

பைண்டர் அணிந்தால் மார்பு சுருங்குமா? பின்னாளில் அறுவைச் சிகிச்சைக்கு இடையூறாகுமா?
— வாசகர், திருநெல்வேலி

சுருங்காது, அணிந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே தட்டையாகத் தெரியும். பல ஆண்டுகள் மிக இறுக்கமாக அணிந்தால் தோலின் நெகிழ்வு குறையலாம், அது அறுவைச் சிகிச்சையின் முறையையும் விளைவையும் பாதிக்கக்கூடும். எத்தனை ஆண்டுகளாக, எந்த வகை அணிகிறீர்கள் என்பதை அறுவை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப்பின் அவர் தரும் அழுத்த உடை வேறு. பழைய பைண்டரை அதற்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். இன்னொன்று: மார்பைப் பார்க்கவே மனம் ஒப்பாமல் பலர் அங்கே தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து நீரோ இரத்தமோ கசிந்தாலோ அதைப் பைண்டரின் அழுத்தம் என்று ஒதுக்கிவிடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.