மார்கழிக் குளிரில் எங்கே போகலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார்த்திகை பிறந்துவிட்டால் என் மேசையில் கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். "குளிராக ஓர் இடம் சொல்லுங்கள், கைக்கு அடக்கமாகவும் இருக்க வேண்டும்" என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். மதுரைக்காரர்களுக்கு இந்த ஆசை நியாயமானதுதான். மார்கழி விடியற்காலையிலும் இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருகிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அரையாண்டு விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் கொடைக்கானல் போக நினைக்கிறோம். அறை வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. செலவைக் குறைக்க வழி உண்டா?
— வாசகர், திருநகர்

உண்டு. தேதியை மாற்றுங்கள். கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு மூன்றும் ஒரே வாரத்தில் வந்து விழுவதால், அந்த ஏழெட்டு நாட்களில் கொடைக்கானலில் எந்த விடுதிக்காரரும் பேரத்துக்கு இறங்கி வரமாட்டார். அதே அறை, பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, செவ்வாய் புதன் போன்ற நாட்களில் ஏறக்குறைய பாதி வாடகைக்குக் கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் விடுப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மனம் இடம் தந்தால் பயணச் செலவின் பெரும்பாரம் இறங்கிவிடும்.

நான் தை மாதத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெற்றிருக்காது. வானத்தை மேகம் மூடியிருந்தால், தரையின் சூட்டை அது போர்வைபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நசநசப்பு இருக்குமே தவிர நல்ல குளிர் இருக்காது. ஜனவரி பாதிக்கு மேல் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்துவிடும். பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் தரை இரவில் வானத்துக்கு விட்டுவிடும். உறைபனி விழுவது அப்படிப்பட்ட இரவுகளில்தான்.

காலை ஆறரை மணிக்குள் ஏரிக்கரைப் புல்வெளிக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு புல் தாளிலும் உப்பைத் தூவியதுபோல வெண்மை படிந்திருக்கும். கால் வைத்தால் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். மரங்களைத் தாண்டி வெயில் இறங்கிய சற்று நேரத்தில் அத்தனையும் கரைந்து, வெறும் ஈரப் புல்லாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஏரியோரம் உறைபனி அதிகம் தெரிவது அதனால்தான். குளிர் ஒத்துக்கொள்ளாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஏரியை ஒட்டிய பள்ளத்தில் அறை எடுக்காமல் சற்று மேட்டில், காலை வெயில் படும் பக்கமாகப் பார்த்து எடுங்கள்.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து வத்தலகுண்டு வழியாக அரசுப் பஸ்கள் போகின்றன. சுமார் 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போவதானால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வேலையே இல்லை. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை உண்டு. வீட்டு எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துச் செல்லுங்கள்.

1863இல் உருவாக்கிய ஏரி அது. சுற்றிலும் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு காசும் தேவையில்லை. இரண்டாம் நாள், கார் பிடித்து எல்லா 'பாயிண்ட்'களையும் ஓடி ஓடிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பூம்பாறைக்குப் போங்கள். படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், ஓட்டு வீடுகளின் மேல் எழும் அடுப்புப் புகை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் மண் இது. அங்கேயே அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். காரம் நாக்கில் நிற்கும்.

உடை விஷயத்தில் ஒன்று. தடித்த ஸ்வெட்டர் ஒன்றைக் காட்டிலும், ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடை மூன்று போடுவது நல்லது. இடையில் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். காதை மூட ஒரு மப்ளர், பாதத்துக்கு இரண்டு ஜோடி காலுறை போதும்.

மலைப்பாதையில் என் மகளுக்கு வாந்தி வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, வாடிப்பட்டி

பஸ்ஸின் முன்பாதியில் இடம் பிடியுங்கள். பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கை வேண்டவே வேண்டாம். செல்போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது; இரண்டு இட்லி அளவு. மாத்திரை தருவதானால் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரைமணி முன்பே கொடுத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

மாமியாருக்கு 70 வயது, மூச்சிரைப்பு உண்டு. எங்காவது கூட்டிப் போக ஆசை. கொடைக்கானல் சரியாக இருக்குமா?
— வாசகி, கூடல்நகர்

வேண்டாம், அம்மா. உயரமும் விடியற்காலைக் குளிரும் மூச்சிரைப்புக்காரர்களுக்கு ஆகாது. ராமேசுவரம் கூட்டிப் போங்கள். கடலோரம் என்பதால் அங்கே குளிர் கடுமையாவதில்லை. பகல் வெயிலும் இந்த மாதங்களில் சுடாது.

ரயிலிலேயே போங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு மதுரையிலிருந்து ராமேசுவரம் வரை மீண்டும் நேராகப் போக முடிகிறது. முன்பதிவில்லா ரயிலின் கட்டணம், வேன் வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பெரியவர்களுக்குக் கால் நீட்ட இடம், கழிப்பறை, வேடிக்கை பார்க்க ஜன்னல், எல்லாம் ரயிலில்தான் இருக்கின்றன. பாலத்தில் ஏறும்போது பேச்சு அடங்கி, பெட்டி முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்வதைப் பாருங்கள். அத்தையை முன்கூட்டியே ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நனைந்த சேலையோடு பிராகாரக் காற்றில் நடப்பது மூச்சிரைப்புக்காரருக்கு மிகவும் கெடுதல். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் புண்ணியம் குறைந்துவிடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். இன்ஹேலர் பெட்டிக்குள் போய்விடக் கூடாது. உங்கள் கைப்பையில், தொட்டால் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்கும் போய்வாருங்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைக் காணும்போது பெரியவர்களுக்குத் தங்கள் இளமைக்காலச் செய்திகள் நினைவுக்கு வரும். ஜனவரிக்கு மேல் போனால், போகும் வழியில் ஆழமில்லாத உப்புநீரில் பூநாரைக் கூட்டம் நிற்பதைக் காணும் வாய்ப்பும் உண்டு.

நண்பர்கள் ஐந்து பேர், கல்லூரி மாணவர்கள். மலையேற்றம் போக வேண்டும். கையில் காசு குறைவு.
— வாசகர், நாகமலை புதுக்கோட்டை

உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தானே கீழக்குயில்குடி சமணர்மலை இருக்கிறது? அங்கே தொடங்குங்கள். விடியும்போது தாமரைக் குளத்தருகே இருந்தால், பாறைப் படிகளில் வெயில் ஏறுவதற்குள் பேச்சிப்பள்ளம் வரை போய்வந்துவிடலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும். அவற்றின்மீது பெயர் கீறுகிறவர்களைக் கண்டால் தயங்காமல் தடுத்து நிறுத்துங்கள். உங்களிடம் நான் எதிர்பார்க்கும் ஒரே கைம்மாறு இதுதான்.

அடுத்தது மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். மலையைக் குடைந்த சிவன் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாறை விளிம்புகளில் வல்லூறுகள். கூச்சல் போட்டால் பறவை கூட்டை விட்டுப் போய்விடும். ஊர் மக்கள் பேணிக் காத்துவரும் மலை அது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஏற ஆசைப்பட்டால், வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடு மட்டுமே போங்கள். மாணவர்களுக்குக் கட்டணம் கனம்தான், மறுக்கவில்லை. போடி வரை ரயிலில் போனால் அந்தச் செலவில் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் யாரோ வழி தெரிந்தவர் என்று ஒருவரை நம்பிக் காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். 2018 மார்ச்சில் அந்தச் சரிவில் பரவிய தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பிப்ரவரியில் புல் காயத் தொடங்கிவிடும். போவதானால் ஜனவரிக்குள் போய்வந்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் காலையில் கூட்டிப்போய் இரவுக்குள் திரும்ப ஓர் இடம் சொல்லுங்கள். மலை வேண்டாம்.
— வாசகர், கே. புதூர்

வேட்டங்குடி. நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிற இடம் இதுதான். சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகே, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களையும் சேர்த்த பறவைகள் சரணாலயம். மாட்டுத்தாவணியிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலை தெரியாத அளவுக்குப் பறவைகள் அமர்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரையை முதலில் தேடச் சொல்லுங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையைப் பிடிக்கவென்றே அமைந்த அலகு அது. வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, மஞ்சள் அலகுள்ள சங்குவளை நாரை என்று பிள்ளைகளே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக இந்தக் கிராமத்து மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதைக் கண்மாய்க் கரையில் வைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மழை பொய்த்துக் கண்மாய் நிறையாத ஆண்டில் பறவைகளும் குறைந்துவிடும். எனவே புறப்படும் முன் திருப்பத்தூர்ப் பக்கம் தெரிந்தவர்களிடம் "கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பறவைகள் இரை தேடக் கிளம்பும் காலையும், கூடடையும் மாலையும்தான் நல்ல நேரம். இடையில் பிள்ளையார்பட்டியில் தரிசனம். நேரம் இருந்தால் ஆத்தங்குடி. அங்கே கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு தரைக்கல் உருவாவதைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். மதியத்துக்கு இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் மடித்துக் கொண்டுபோய்விடுங்கள்.

டிசம்பரில் கும்பக்கரை, சுருளி அருவிகளில் குளிக்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

வனத்துறை அனுமதிக்கிற நாளில் குளிக்கலாம். கயிறு கட்டித் தடுத்திருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். கீழே பளீரென்று வெயில் அடிக்கும். மேலே கொடைக்கானல் மலையில் கொட்டிய மழை அரைமணியில் கும்பக்கரைக்கு வந்து சேரும். தண்ணீர் கலங்கலாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சலின் தொனி கனப்பது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் துண்டை எடுக்கக்கூட நிற்காமல் மேலே ஏறிவிடுங்கள்.

மேகமலைக்கு பைக்கில் போகலாமா?
— வாசகர், திருமங்கலம்

பகலில் மட்டும். புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை அது. இருட்டிய பிறகு யானை குறுக்கே வரலாம், சோதனைச் சாவடியிலும் விடமாட்டார்கள். மூட்டத்தில் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது எஞ்சினை அணைத்து உருட்டிவரும் பழக்கம் வேண்டாம். மகரவிளக்கு வரை தேனி, கம்பம் சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவு முழுக்க ஓடும். தூக்கம் குறைந்த ஓட்டுநர்கள் எதிரே வருகிறார்கள் என்பதை மனத்தில் வைத்து ஓட்டுங்கள்.

பெற்றோரை ஜனவரியில் காசிக்கு அழைத்துப்போக டிக்கெட் எடுக்கலாமா?
— வாசகி, விளாங்குடி

தள்ளிப் போடுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனிக்குள் இருக்கும். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒரு ஜனவரியில் முப்பது பேரோடு போனேன். நடுவழியில் பனியில் நின்ற ரயில் ஒன்பது மணி நேரம் பிந்தியது. அடுத்து ஏற வேண்டிய ரயில் போய்விட்டது. வயதானவர்கள் நடைமேடையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் அந்த மாதத்தில் காசிப் பயணம் போட்டுத் தந்ததில்லை. சிவராத்திரிக் கூட்டமும் ஓய்ந்த பிறகு, மார்ச் முதல் பாதியில் போங்கள். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரியில் எடுத்தால் சரியாக இருக்கும்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. செலவில்லாமல் மதுரையை எப்படிக் காட்டுவது?
— வாசகி, செல்லூர்

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். கைக்குழந்தையோடு அந்த நெரிசலுக்குள் போக வேண்டாம். வீட்டில் தொலைக்காட்சியில் பாருங்கள். மற்ற நாட்களில் திருப்பரங்குன்றம், அழகர்கோயில் எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் இருக்கிறது. சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. காந்தி அருங்காட்சியகத்தை நிதானமாகப் பாருங்கள். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடை அங்கே இருக்கிறது.

தங்கை தைப்பூசம் வரை தங்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். அன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வலம் வருவார்கள். வடம் பிடித்துக் கரையோரமாக இழுத்து வருவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். இரவு விளக்கொளியில் மைய மண்டபம் தண்ணீரில் தெரியும் பக்கமாகப் படிக்கட்டில் இடம் வேண்டுமென்றால், ஐந்து மணிக்கே ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்துவிடுங்கள்.