பையன் வேற வேலை தேடுற விஷயம் வீட்டோட இருக்கட்டும்க்கா

வணக்கம்க்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். உங்க பையன், நம்ம தம்பி, மூணு வருஷமா பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ் பேக்டரில டெக்னீஷியன், சிம்பாங் அம்பாட்ல இருந்து தினமும் பாலம் தாண்டி போய்ட்டு வந்து உடம்பு தாங்கல, அதனால இப்போ பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்குற பத்து காவான்ல வேலை தேடுறான், இது அவன்கூட வேலை செய்றவங்களுக்கு தெரிஞ்சா வேலைய விட்டு தூக்கிடுவாங்களோன்னு பயப்படுறீங்க.

முதல்ல அந்த பயத்த இறக்கி வைங்க. வேற வேலை தேடுறது தப்பே இல்ல, துரோகமும் இல்ல. நியாயமான காரணம் இல்லாம வேலைய விட்டு நிறுத்துனா 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகாவுல புகார் குடுக்கலாம், மலேசியாவோட 1967ஆம் வருஷத்து தொழில் உறவு சட்டத்துலயே அது இருக்கு. ஆனா நிஜத்துல நடக்குறது வேற மாதிரிக்கா. யாரும் தூக்க மாட்டாங்க, "இவன் எப்படியும் போற ஆளு"ன்னு முடிவு பண்ணி அடுத்த டிரெய்னிங்குக்கு வேற பேர போடுவாங்க, சூப்பர்வைசர் முகம் குடுத்து பேச மாட்டாரு, புது வேலை கிடைக்காம போய்ட்டா அதே இடத்துல அந்த முகத்தையே பாத்துட்டு இருக்கணும். அதுக்காகத்தான் காதும் காதும் வச்ச மாதிரி செய்யணும்ங்கறேன்.

உங்க மெசேஜ்ல ஒரு இடத்துல எனக்கு பக்குன்னு ஆச்சு. கோயில்ல ஒரு அக்காகிட்ட "எங்க பையனுக்கு எங்கயாவது சொல்லி வைங்க"ன்னு கேட்டேன், அவங்க மருமகனும் அதே பேக்டரிதான்னு சொன்னீங்க. நல்ல மனசோடதான் கேட்டீங்க, தெரியும். இருந்தாலும் நம்ம ஆளுங்க கம்பெனி பஸ்ல ஒண்ணா போறவங்க, தைப்பூசத்துக்கு ஒரே பந்தல்ல மோர் ஊத்துறவங்க, கோயில்ல சொன்னது ரெண்டு ஷிப்ட் மாறுறதுக்குள்ள லைனுக்கு போய்டும். இப்போ மறுபடி அவங்ககிட்ட போய் "யார்ட்டயும் சொல்லாதீங்க"ன்னு கேக்காதீங்க, அப்பதான் விஷயம் பெருசாகும். அவங்களா கேட்டா "இப்போதைக்கு அங்கதான்க்கா இருக்கான்"னு சொல்லிட்டு பேச்ச மாத்துங்க, அது பொய்யும் இல்ல.

நானும் இதுல அடிபட்டவன்க்கா. கோலாலம்பூர்ல வேலை செஞ்சப்ப கூட சாப்பிடுற ஒரே ஒரு நண்பன்கிட்டதான் இன்டர்வியூ போறேன்னு சொன்னேன், அவன் கெட்டவனும் இல்ல, யாரோ கேட்டப்ப வாய் தவறிட்டான். வெள்ளிக்கிழமை மேனேஜர் ரூம்ல கூப்ட்டு உக்கார வச்சு "எப்போ போறீங்க?"ன்னு கேட்டாரு. அந்த வேலையும் கிடைக்கல, அதுக்கப்புறம் ஒரு வருஷம் அங்க ஓட்டுனது எனக்குத்தான் தெரியும்.

தம்பிகிட்ட சொல்ல வேண்டியத சொல்றேன், இத அப்படியே அவன்கிட்ட காட்டுங்க. லிங்க்ட்இன்ல வேலை தேடுறேன்னு போடுறப்ப ரெண்டு வழி இருக்கு, ஆள் எடுக்குறவங்களுக்கு மட்டும் காட்டலாம், இல்ல எல்லாருக்கும் தெரியிற மாதிரி போட்டோவ சுத்தி பச்ச வளையம் போடலாம், அந்த பச்ச வளையம் வேணவே வேணாம். முதல் வழியிலயும் சொந்த கம்பெனி ஆளு கண்ணுல படவே படாதுன்னு அவங்களே உத்தரவாதம் தர்றதில்ல. கம்பெனி லேப்டாப், கம்பெனி ஈமெயில், கம்பெனி பிரிண்டர் மூணையும் தொடவே கூடாது, ரெஸ்யூம் ஒரு பக்கம் டிரேல மாட்டிக்கிட்டு அடுத்து பிரிண்ட் எடுக்க வந்தவரு கையில கிடைச்ச கதைய நான் நேர்லயே பாத்திருக்கேன். தினமும் லோகோ டீ-சர்ட்ல போறவன் திடீர்னு கஞ்சி போட்ட முழுக்கை சட்டையும் பளபளன்னு ஷூவுமா போய் நின்னா கேட் கார்டே "என்னப்பா, இன்டர்வியூவா?"ம்பாரு, சட்டைய பையில வச்சு எடுத்துட்டு போகட்டும்.

இன்டர்வியூவுக்கு எம்சி, அதான் டாக்டர் சர்ட்டிபிகேட் காட்டி எடுக்குற லீவு, எடுக்கவே வேணாம். உடம்புக்கு முடியலன்னு பொய் சொல்லி எடுத்தது மாட்டிக்கிச்சுன்னா, அது நிஜமாவே நடவடிக்கை எடுக்குற அளவு குத்தம். ரெண்டு வருஷம் தாண்டுனவனுக்கு சட்டப்படியே வருஷத்துக்கு குறைஞ்சது 12 நாள் லீவு உண்டு, அதுல ஒரு நாள் எடுத்துட்டு "சொந்த வேலை"ன்னு மட்டும் எழுதட்டும், யாரும் விளக்கம் கேட்டா அதையே சொல்லட்டும்.

இன்னொண்ணு, ரெபரன்ஸ் கேக்குற இடத்துல இப்போ இருக்குற சூப்பர்வைசர் பேர குடுக்காம, முன்னாடி வேலை செஞ்ச இடத்து ஆளு இல்லன்னா காலேஜ் லெக்சரர் பேர குடுக்கட்டும், "ஆபர் லெட்டர் வந்தப்புறம் இப்போதைய கம்பெனிய கூப்டுங்க"ன்னு நேராவே கேக்கட்டும், இது எல்லாரும் கேக்குறதுதான், புது கம்பெனி தப்பா எடுத்துக்காது. ஆபர் கையில வந்து, சம்பளம் எத்தனை வெள்ளின்னு (ரிங்கிட்) எழுத்துல பாத்து, கையெழுத்து போட்டு, மெடிக்கல் செக்கப் கேட்டா அதுவும் பாஸான பிறகுதான் ராஜினாமா கடிதம். போன்ல "ஓகே, நீங்க செலக்ட்"னு சொன்னத நம்பி வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்த பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்க்கா, மனசு கேக்காது.

வேலைய விடுறதுக்கு எவ்ளோ முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல இல்லாட்டி, மூணு வருஷம் ஆனவனுக்கு சட்டம் சொல்றது 6 வாரம், லெட்டர்ல வேற போட்டிருந்தா அதுதான் கணக்கு, குடுக்காம போனா அந்த நாளுக்கான சம்பளத்த இவன்தான் கட்டணும். அதனால சனிக்கிழமைக்குள்ள அவனோட அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நோட்டீஸ் போட்டிருக்குற பக்கத்த போட்டோ எடுத்து அவனோட சொந்த போன்ல இருந்து எனக்கு அனுப்ப சொல்லுங்க, எந்த தேதில சேர முடியும்னு புது கம்பெனிக்கு என்ன பதில் குடுக்கலாம்ங்கறத பாத்துட்டு சொல்றேன்.