மேய்ச்சல் ஆடு வளர்ப்பவர்களின் இன்றைய சிக்கல் என்ன? அவர்களுக்கு எப்படி உதவலாம்?

என் சித்தப்பா மேச்சேரிப் பக்கம் தொண்ணூறு செம்மறி வைத்திருக்கிறார். நான் சேலத்தில் வேலைக்கு வந்துவிட்ட ஆள், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் பட்டிக்குப் போவேன். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உதவி என்றாலே எல்லோருக்கும் ஆடு கொடுக்கத்தான் தோன்றுகிறது. சித்தப்பாவிடம் ஆடு இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு போக இடம்தான் இல்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரை ஒட்டி மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கென்று விட்ட பொது நிலம், கிடந்தது. கொழுக்கட்டைப் புல்லும், நெற்று உதிர்க்கும் வெள்வேல மரங்களுமாக இருக்கும். இன்று அதில் பாதி வீட்டுமனை, மிச்சம் சீமைக்கருவேலம். சேர்வராயன் மலை அடிவாரத்தில் பட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கதையும் இதேதான். காப்புக்காட்டுக்குள் வெள்ளாடு நுழைந்தால் அபராதம். நுழைந்தாலும் என்ன, உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, ஆடு அதில் வாய் வைக்காது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை இருக்கிறது, ஊர் ஊராகப் போய் மேய்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்து செத்துப்போன தாத்தா எந்தக் காகிதத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்?

கோடையில் எங்கள் பக்கத்தைக் காப்பாற்றுவது மேட்டூர் அணைதான். தண்ணீர் வடிந்து பண்ணவாடியில் அணைத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலை தலைகாட்டும் சமயத்தில், ஈரம் காயாத மண்ணில் புல் முளைத்துவிடும். பட்டிகள் அங்கே இறங்கும். அணை நிரம்பினால் டெல்டாவே கொண்டாடும், சித்தப்பா மட்டும் மூட்டை கட்டுவார்.

அறுவடை முடிந்த வயல்காடுகளும் ஒரு காலத்தில் கைகொடுத்தன. கடலைக்காய் பிடுங்கியதும் காட்டுக்காரரே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். ராத்திரி பட்டி போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு, காசோ தானியமோ நமக்கு. இப்போது நாமக்கல் கோழி எரு லாரியில் வந்து இறங்குகிறது. போதாததற்கு சொட்டுநீர்க் குழாய். ஆடு மிதித்தால் உடைந்துவிடும் என்று வரப்பிலேயே மறித்து நிறுத்துகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் நோய். முதல் மழைக்குப் பிறகு இளம்புல்லை அள்ளித் தின்றால் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் வரும். தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்னால் போட வேண்டும். ஒரு வருடம் எங்கள் ஊரில் முகாம் நடந்த அன்று சித்தப்பாவின் பட்டி இரண்டு ஊர் தள்ளி இருந்தது. அங்கே முகாம் முந்தின வாரமே முடிந்திருந்தது. மழை பெய்த நான்காம் நாள் விடியலில் போன் வந்தது, போனேன். நன்றாகக் கொழுத்த குட்டிகள்தான் முதலில் விழுந்தன. ஒன்று என் கண்ணெதிரே ஒரு துள்ளு துள்ளிக் கழுத்தைப் பின்னால் வளைத்து விழுந்தது, காலை உதைத்துக்கொண்டு அடங்கிவிட்டது. மொத்தம் ஏழு. காப்பீடு செய்திருந்தது பெரிய ஆடுகளுக்கு மட்டும்தான். அதிலும் பிறகு ஒன்று செத்தபோது, காதில் போட்ட தோடு முள்ளில் மாட்டி அறுந்துபோயிருந்ததால் பணம் கிடையாது என்றார்கள். முள்ளுக்குள் போகாத ஆட்டுக்குத்தான் காப்பீடு போல!

திட்டங்களும் அப்படித்தான். தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் உண்டு. 100 பெட்டை, 5 கிடாவில் தொடங்குகிறது. கொட்டகை வேண்டும், சொந்தமோ குத்தகையோ நிலம் காட்ட வேண்டும். அது பண்ணை போடுபவருக்கான திட்டம். தவறில்லை, ஆனால் நடந்து மேய்ப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் மேச்சேரி ஆடு காய்ந்த பூமியில் நடந்து மேய்வதற்கென்றே வந்த இனம். அந்த இனத்துக்குப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பட்டிக்காரருக்கு ஒதுங்க ஒரு தரிசு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? மிச்சமிருக்கும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து, கல் நட்டு, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கிராம சபையில் இதைக் கேட்க ஊரில் நாலு பேர் சேர்ந்தால் போதும். தடுப்பூசி பட்டியைத் தேடிப் போக வேண்டும், ஊர்க் கணக்கு உதவாது. 2024-இல் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் மேய்ச்சல்காரர்களின் கால்நடைகளைத் தனியாகக் கணக்கில் கொண்டுவந்தார்கள். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐநா அறிவித்திருக்கிறது. போஸ்டரோடு நின்றுவிடாமல் இருந்தால் சரி.

உங்களாலும் என்னாலும் உடனே முடிவது சின்ன விஷயம்தான். சந்தையில் வியாபாரி ஆட்டின் முதுகை அழுத்திப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார். போன தைப்பொங்கலுக்கு ஒரு தொங்கு தராசு வாங்கிக் கொண்டுபோய் வேப்பமரக் கிளையில் கட்டினேன். வியாபாரி பதினான்கு கிலோ என்று மதித்த கிடா பதினேழு காட்டியது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அதை இறக்கிவிட்டு அடுத்ததைப் பிடித்து வந்தார்.