ஏழு போன், ஒரு கேமரா, ஒரு கேள்வி: பள்ளிப் பிள்ளைகளின் புகைப்படத் திட்டத்தை எப்படிக் கட்டுவது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 9, 10, 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர் புகைப்பட மன்றத்தில் சேர்ந்திருக்கிறார்கள். பெற்றோரின் போன் ஏழு கிடைக்கிறது. பள்ளிக்கு நன்கொடையாக வந்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று, 18-55 லென்ஸுடன் இருக்கிறது. பிப்ரவரியில் ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்க வேண்டும். 'கோட்டை', 'இயற்கை', 'பெண்கள்', 'பிளாஸ்டிக்' என்று தலைப்புகள் கொடுத்தேன். வேலூர் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிப்போனதில் 600 படம் வந்தது. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்துப் படத்தைக்கூடச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை. எங்கே தவறுகிறோம்?

பதில்: பிள்ளைகள் தவறவில்லை. தலைப்புத்தான் அகலமாகிவிட்டது. 'கோட்டை' என்று சொல்லி அனுப்பினால், அகழியும் மதிலும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரமும்தான் படமாக வரும். ஏற்கெனவே பார்த்த படத்தைத்தான் பிள்ளைகளின் கண் தேடிப் பிடிக்கும். ஒற்றைப் பெயர்ச்சொல்லைத் தலைப்பாகக் கொடுக்காமல், பதில் தெரியாத ஒரு கேள்வியாகக் கொடுங்கள். 'கோட்டை' என்பதற்குப் பதில், 'காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் கோட்டைக்கு யார் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள்?' என்று கேளுங்கள். 'பிளாஸ்டிக்' என்பதை, 'நம் பள்ளி வாசலில் காலை ஒன்பது மணிக்குத் தரையில் என்ன கிடக்கிறது, மாலை நாலரைக்கு என்ன கிடக்கிறது?' என்று மாற்றுங்கள். கேள்வி கையில் இருந்தால் எங்கே நிற்பது, எதற்குக் காத்திருப்பது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

கேள்வியைத் தேர்வு செய்யும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த இடத்துக்குப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ குறைந்தது நாலு முறை போக முடியுமா? ஐந்து இடத்துக்கு ஒரு முறை போவதைவிட ஒரே இடத்துக்கு ஐந்து முறை போவதில்தான் திட்டம் உருவாகும். முதல் தடவை போகும்போது அங்கே இருப்பவர்கள் விறைப்பாக கேமராவையே பார்ப்பார்கள். இரண்டாம் தடவை, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வரும் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும். மூன்றாம் தடவைதான், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து சரியான இடத்தில் போய் நிற்பார்கள். நல்ல படங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகே வரும். வேலூருக்கு பஸ் பிடித்துப் போக வேண்டிய கோட்டை இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

உங்கள் ஊரிலேயே கையெட்டும் தூரத்தில் அருமையான பொருள் இருக்கிறது: கைத்தறி லுங்கி. 'ஒரு லுங்கி உருவாக எத்தனை பேர் கை படுகிறது?' என்ற ஒரே கேள்வியை 14 பேருக்கும் கொடுங்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்தால் ஏழு ஜோடி, ஏழு போன். நூலுக்குச் சாயம் ஏற்றுவது, பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டுவது, கஞ்சி போடுவது, பாவு பிணைப்பது, ராட்டையில் தார் (குறுக்கே ஓடும் நூலின் சிறு கண்டு) சுற்றுவது, தறியில் நெய்வது, மடித்துக் கடைக்கு அனுப்புவது என ஜோடிக்கு ஒரு வேலை. ஜோடிக்கு ஒரு தலைப்பு கொடுத்தால் ஏழு அரைகுறைத் திட்டம் கிடைக்கும். இப்படிச் செய்தால் ஒரு முழுத் திட்டம் கிடைக்கும். சாயம் காய்வதற்கு வெயில் வேண்டும். தெருவில் பாவு நீட்டுகிற இடமென்றால் அதுவும் மழை நாளில் நடக்காது. நவம்பர் மழையில் இந்த இரண்டு ஜோடிக்கும் வேலை தள்ளிப்போகும் என்பதால், அவர்களுக்கு ஜனவரி சனிக்கிழமைகளையும் ஒதுக்கி வையுங்கள். மற்றவர்கள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நாலு தடவை போய் வந்துவிடட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரிக்குப் பின் இழுக்காதீர்கள்.

ஜோடியில் ஒருவர் படம் எடுக்க, இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும்: யார், என்ன வேலை, எந்தத் தெரு, தேதி, நேரம், அவர் சொன்ன ஒரு வாக்கியம். பாதி நேரம் ஆனதும் இருவரும் மாறிக்கொள்ள வேண்டும். இந்த நோட்டு இல்லாவிட்டால் ஜனவரியில் படத்தின் கீழே எழுத எதுவும் இருக்காது. 'உழைப்பே உயர்வு' என்று எழுதி ஒட்டுவதில்தான் போய் முடியும்.

படம் எடுக்கப் போகும் முன் ஒவ்வொரு போனிலும் நாலு காரியம் செய்யச் சொல்லுங்கள். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். பல படங்கள் பனி மூட்டம்போல மங்கலாக வருவதற்குக் காரணம் விரல் பிசுக்குத்தான். முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை அணைக்க வேண்டும். படத்தின் மூலையில் போன் கம்பெனி பெயரைப் பதிக்கும் 'ஷாட் ஆன்' முத்திரையை எடுத்துவிட வேண்டும். பிறகு அதை அழிப்பது பெரிய வேலை. விரலால் விரித்து ஜூம் செய்யக் கூடாது, ஒரு எட்டு முன்னால் போக வேண்டும். பெரும்பாலான போன்களில் அந்த ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

தறிக்கூடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். உள்ளே இருட்டு, ஒரு ஜன்னல், மேலே ஒரு டியூப்லைட். நெய்கிறவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் ஜன்னல் வெள்ளையாக வெந்துபோகும், முகம் கரியாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நின்றுகொள்ள வேண்டும். போனில் அவர் முகத்தைத் தொட்டு, பூட்டுக் குறி வரும்வரை அழுத்திப் பிடித்து, பிறகு திரையில் தோன்றும் வெளிச்ச அளவுகோலைச் சற்றே கீழே இறக்கினால், முகமும் பாவு நூலின் வரிசையும் ஒருசேரத் தெளிவாக வரும். ஜன்னல் வெளிச்சம் நீலம் பூசினாற்போலவும் டியூப்லைட் பச்சை கலந்தும் விழுந்து ஒரே முகத்தில் இரண்டு நிறம் தெரிந்தால், ஜன்னல் வெளிச்சம் போதுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அவருக்கு வேலை கெடாது என்றால் மட்டும் லைட்டை அணைக்கச் சொல்லலாம்.

டியூப்லைட் அடியில் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடினால் போன் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, 1/500 நொடி போல வேகமாகத் திறந்து மூடினால், அந்தத் துடிப்பில் ஒரு துண்டுதான் பதிவாகும், அதுவே பட்டையாகத் தெரியும். 'ப்ரோ' முறை இருக்கும் போனில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டை மறையும்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவைச் சுழற்சி முறையில் எல்லோருக்கும் கொடுக்க மனம் விரும்பும். ஆனால் போன் திணறும் இடத்துக்கு மட்டும் அதை ஒதுக்குவதே நல்லது. உங்கள் திட்டத்தில் அது தறிக்கூடமும் தார் சுற்றும் வீடும். அந்த இரு ஜோடிகளோடு மற்ற பிள்ளைகளும் ஒவ்வொரு நாள் போய்க் கற்றுக்கொள்ளட்டும். ஷட்டரை நாம் தீர்மானிக்கும் முறையில், அதாவது டயலில் 'எஸ்' (S) அல்லது 'டிவி' (Tv) என்ற எழுத்தில் வைத்து, 1/100, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 என்று தொடங்குங்கள். லென்ஸை அகலமாகக் காட்டும் 18 பக்கம் வைத்துக்கொண்டு கிட்டே போக வேண்டும். 55க்குத் திருகினால் லென்ஸின் துவார எண் 3.5இலிருந்து 5.6 ஆகும், எண் கூடினால் துவாரம் சுருங்கும், உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா பாயும் கணத்தை அசையாமல் நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் முயல்வார்கள். அந்த இருட்டில் அது நடக்காது, நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1/50இல் எடுத்தால், உட்கார்ந்திருக்கும் உடலும் முகமும் கூர்மையாகவும் நாடா ஒரு கோடாக இழுபட்டும் வரும். தறி ஓடுகிறது என்று பார்க்கிறவருக்கு அந்தக் கோடுதான் சொல்லும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நெய்கிறவருக்குக் கூலி பெரும்பாலும் நெய்து கொடுத்த கணக்கில்தான். 'அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க, இப்படித் திரும்புங்க' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் அவர் வருமானத்தில் கை வைக்கிறார்கள். வேலையை நிறுத்தச் சொல்லக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. படமெடுக்கத் தொடங்கும் முன் ஒரு நாள், கேமராவை வெளியிலேயே எடுக்காமல், நீங்களும் கூடப் போய், எதற்கு வந்திருக்கிறோம், படம் எங்கே மாட்டப்படும் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். வீட்டுப் பெண்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள். சிறு பிள்ளைகளின் முகம் சுவரில் வருவதாக இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முகப்படம் தனியாக எடுக்க வேண்டுமென்றால், வேலை முடிந்த பின், வாசற்படிக்கு ஓர் அடி உள்ளே வெளியைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். அந்த வாசல் வெளிச்சத்துக்கு ஈடு எந்த ஸ்டுடியோ விளக்கும் இல்லை.

ஒரு ஜோடி ஒரு நாளில் 40 படத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். தூரத்திலிருந்து இடம் முழுவதும், நடுத்தூரத்தில் ஆளும் வேலையும், கிட்டத்தில் கையும் கருவியும், வேலை நடக்காத ஒரு கணம் – இந்த நாலும் அந்த நாற்பதுக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் நின்றபடி தங்கள் முகத்தின் உயரத்திலிருந்தே எடுப்பார்கள். தரைக்குழியில் கால் வைத்து நெய்யும் குழித்தறி என்றால் தரையில் உட்கார்ந்து எடுத்தால்தான் நெய்கிறவரின் கண்மட்டம் கிடைக்கும். அன்று மாலையே ஜோடி தானே ஐந்தைப் பொறுக்கி உங்களிடம் தர வேண்டும். நாலு தடவைக்கு 20 படம். அதிலிருந்து இறுதியாக மூன்று. ஏழு ஜோடிக்கு 21, வாசலில் வைக்க முகப்புப் படம் ஒன்று, மொத்தம் 22.

இறுதித் தேர்வைத் திரையில் செய்யாதீர்கள். சில்லறைச் செலவுதான், ஜோடிக்குப் பத்துப் படம் வீதம் 4க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு வகுப்பறைத் தரையில் பரப்புங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று, ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்றைக் குப்புறத் திருப்பிக்கொண்டே போகட்டும். அழகான படம் போய், விஷயமுள்ள படம் தங்கும்போது சிலருக்கு வருத்தம் வரும். ஏன் போகிறது என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லும்படி நடத்துங்கள். இந்த மன்றத்தில் அவர்கள் கற்கும் பாடங்களில் இதுவே பெரியது. மிஞ்சிய சிறு பிரிண்ட்களை அந்தந்த வீட்டுக்காரர்களுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிள்ளைகள் படத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருங்கிவிடும். அதை 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 133 புள்ளிதான். கிட்டே நின்று பார்த்தால் நூலிழை எல்லாம் கூழாகத் தெரியும். 12 மெகாபிக்சல் போனின் மூலப்படத்தில் நீளப்பக்கம் 4000 புள்ளி, அதே அளவுக்கு 333 கிடைக்கும். அதனால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு நேரே கணினிக்கு எடுங்கள். போன் படத்தின் வடிவம் 4க்கு 3. ஸ்டுடியோவின் 12க்கு 8 தாள் 3க்கு 2. உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும் என்பதால், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கப் பழக்குங்கள்.

பிரிண்ட் இருண்டு வருகிறது என்ற குறை எப்போதும் வரும். போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படத்தைச் சரிசெய்தால் அப்படித்தான் ஆகும். தாளுக்குள் விளக்கு கிடையாது. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்டுடியோவில், 'கலர் கரெக்ஷன் எதுவும் வேண்டாம், மேட் தாளில் போடுங்கள்' என்று சொல்லி, முதலில் மூன்று படம் மட்டும் போட்டுப் பாருங்கள். பளபளப்புத் தாள் வகுப்பறை டியூப்லைட்டைக் கண்ணாடிபோல் காட்டும். ஃபிளெக்ஸ் வேண்டாம், மலிவுதான், ஆனால் பாவின் இழை அதில் நிற்காது.

படங்களை 5 மி.மீ. சன்போர்டில் (இலேசான நுரைப் பலகை) ஒட்டி, படத்தின் நடு தரையிலிருந்து நாலரை அடியில் வரும்படி ஒரே வரிசையாக மாட்டுங்கள். எல்லாம் கிடைமட்டப் படங்களாக இருந்து, இடையில் நாலு அங்குலம் விட்டால், 22 படத்துக்கு 29 அடி சுவர் வேண்டும். கீழே இரண்டு வரியில் குறிப்பு: பெயர் போடச் சம்மதித்தவரின் பெயர், வேலை, இடம், மாதம். முதல் படத்தில் நூல்கண்டும் கடைசிப் படத்தில் லுங்கி கட்டிய ஒரு மனிதரும் வரும்படி வேலை வரிசையிலேயே அடுக்குங்கள்.

தறி இல்லாத ஊர்ப் பள்ளிகளும் இதே முறையைப் பின்பற்றலாம். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் என்றால், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரியை நாற்றிலிருந்து சந்தை வரை பின்தொடரலாம். பாலாற்றங்கரைப் பள்ளி என்றால், ஒரே பாலத்தில் சுண்ணாம்பால் குறியிட்ட ஒரே இடத்தில் நின்று, கைப்பிடிச் சுவரும் தூரத்து மலையும் எப்போதும் படத்தில் ஒரே இடத்தில் விழும்படி, சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு ஒரு படம் எடுக்கலாம். மணலும் புல்லும் நீருமாக ஆறு மாறுவது தானே தெரியும். 2021 நவம்பர் வெள்ளத்தில் நீர் எதுவரை ஏறியது என்று கரையோரத்தாரிடம் கேட்டு எழுதினால் குறிப்புக்கும் கனம் கூடும். பாலத்தில் வண்டிப் போக்குவரத்து அதிகம், எனவே நடைபாதை உள்ள பக்கம் மட்டும், பெரியவர் ஒருவர் துணையோடு. ரயில் பாலத்துக்கோ தண்டவாளத்துக்கோ எந்தக் காரணத்துக்கும் அனுப்பாதீர்கள்.

கோட்டையையே எடுத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் பிள்ளை ஒருவர் இருப்பார். வேலூரில் உறவினர் வீடு இருந்தால் விடுமுறையில் போகட்டும். சூரியன் சாய்ந்திருக்கும் காலை ஒரு மணி நேரத்தில்தான் கருங்கல்லின் உளித் தடம் நிழல் விழுந்து தெரியும், உச்சி வெயிலில் மதில் தட்டையான சாம்பல் பலகையாகிவிடும். அங்கே முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்தே எடுப்பதாகத் திட்டமிடச் சொல்லுங்கள்.

மூலப்படங்களை 'நெசவு_ஜோடி3_தேதி' என்பதுபோல் பெயரிட்ட ஃபோல்டர்களில், பள்ளிக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி என்று ஒவ்வொரு வாரமும் ஏற்றுங்கள். பெற்றோரின் போனில் இடம் நிறைந்ததும் முதலில் அழிக்கப்படுவது இந்தப் படங்கள்தான்.