புத்தகத்தின் முதுகு

அன்புள்ள ஐயா,

அடுத்த வாரம் வீடு மாறுகிறோம். சுமார் 500 புத்தகங்கள் இருக்கின்றன. ஐந்து பெரிய பெட்டி போதும், இடம் கிடைக்கிற பக்கம் செருகிவிடலாம் என்கிறார்கள் சாமான் ஏற்றும் ஆட்கள். நியூஸ்பேப்பரில் சுற்றலாமா? பூச்சி உருண்டை போடலாமா? எப்படியும் பாதி பழைய புத்தகங்கள்தான். ஆனாலும் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில் அப்பாவின் அகராதி பிரிந்து கிடந்தது. பைண்டரிடம் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

“எப்படியும் பழைய புத்தகங்கள்தான்” என்று எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு? புதியது கிழிந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஓரத்தில் நீங்கள் பென்சிலால் எழுதி வைத்ததை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

பூச்சி உருண்டை வேண்டாம். நியூஸ்பேப்பர் மை அட்டையில் ஒட்டும், வெள்ளைத் தாள் போதும். பெட்டிக்கு வருவோம். 300 பக்கப் புத்தகம் சுமாராக 350 கிராம் இருக்கும். 500 புத்தகம் என்றால் 175 கிலோ. அதை ஐந்து பெட்டியில் போட்டால் ஒன்று 35 கிலோ. தூக்குகிறவர் இடுப்பும் போகும், பெட்டியின் அடியும் போகும். சின்னப் பெட்டியாக எடுத்து, ஒன்றில் 40 புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, அந்தச் “செருகிவிடலாம்” என்பதற்கு வருகிறேன். நானும் செருகியவன்தான். பத்தொன்பது வயதில், வீடு மாறும்போது, புத்தகங்களை அடுக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டார். பெயர் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் முதுகு மேலே இருக்கும்படி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. புது வீட்டில் அகராதியை எடுத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. பக்கங்கள் பெட்டிக்குள்ளேயே நின்றன.

கெட்டி அட்டைப் புத்தகத்தில் அத்தனை பக்கங்களையும் அட்டையோடு பிடித்து வைத்திருப்பது ஒரு துணிப்பட்டையும் முன்னும் பின்னும் ஒட்டிய இரண்டு தாள்களும்தான். அட்டை பக்கங்களைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதுகை மேலே வைத்தால் அட்டையின் விளிம்புதான் தரையில் நிற்கும், பக்கங்கள் அந்தரத்தில் தொங்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கனம் ஒட்டிய இடத்தைப் பிய்க்கும். தடித்த புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

படுக்க வையுங்கள். இல்லையென்றால் அலமாரியில் இருப்பதுபோல் சாயாமல் நிறுத்துங்கள். முதுகு கீழே இருந்தாலும் பரவாயில்லை. மேலே மட்டும் வேண்டாம், எஸ். நான்கு அங்குல இடம் மிஞ்சினால் அதில் தாளைக் கசக்கி அடையுங்கள், புத்தகத்தைச் செருகாதீர்கள். இதை ஆட்களிடம் சொல்லிவிட்டு நகராதீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து நீங்களே அடுக்குங்கள். ஐநூறு புத்தகம் சேர்த்தவருக்கு ஒரு நாள் கிடைக்காதா?

அப்பா என்னைத் திட்டவில்லை. அகராதியை ஒரு வெள்ளை நாடாவால் கட்டினார். அப்புறம் கடைசிவரை, ஒரு சொல் பார்க்க வேண்டுமென்றாலும் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டி வைப்பார்.

பெயர் தெரிய வேண்டுமென்றால் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.