சொந்தக் காரில் முதல்முறை பந்தயத் தடத்தில் ஓட்ட என்ன தயாரிப்பு வேண்டும்?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சிரமமின்றி ஏறி இறங்கும் கார், கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கும் அப்படியே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினுக்குப் போதும், பிரேக்குக்குப் போதவே போதாது.

மலையிறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். தடத்தில் முழு வேகத்தையும் சில நொடிகளில் பிரேக்தான் அடக்க வேண்டும். சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர்தான், பிரேக் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி பிடிப்பின்றித் தரைவரை போகும். எனவே உங்கள் ஊரான சேலத்திலேயே பழைய ஆயிலை முழுவதும் இறக்கிப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிப்பதை ஏற்காதீர்கள். பாதிக்கு மேல் தேய்ந்த பிரேக் பேடுகளையும் மாற்றிவிடுங்கள்.

டயர் காற்றைத் தடத்திலிருந்து வந்தவுடன், சூட்டோடு அளந்து பாருங்கள். வீல் நட்டுகளை ஆறியபின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். தரைவிரிப்பு, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. உருண்டு மிதியின் அடியில் சிக்கிய பாட்டில் உயிரையே வாங்கும்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பொருந்தாது.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கை பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். அதே காரில்தான் சேலம் திரும்ப வேண்டும். புறப்படுமுன் பேடுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.